முதல் மண்வெட்டி விழுமுன் பங்கைப் பேசிவிடுங்கள்

நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்கச் சொந்த நேரத்தைச் செலவிட்டுக் குழு நடத்தும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த நேரத்தில் உங்கள் குழுவில் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எந்த ஓடையில் தடுப்பணை, மண் வெட்டும் இயந்திரம் எந்த வாரம் கிடைக்கும், எத்தனை மரக்கன்று, பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில். அதிலெல்லாம் நான் தலையிட வரவில்லை. அந்த வேலைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பிடித்த தண்ணீர் யாருக்கு? இதை எப்போது பேசுவதாக இருக்கிறீர்கள்?

பல குழுக்களில் இதற்குக் கிடைக்கும் பதில், "முதலில் தண்ணீர் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இல்லாத தண்ணீருக்கு இப்போதே எதற்குச் சண்டை? ஆனால் இந்த வரிசை தலைகீழ். தண்ணீர் வந்த பிறகு பங்கு பேசவே முடியாது. வந்த மறுநாளே அது யாரோ ஒருவருடைய கிணற்றில் இருக்கும். அவர் மோட்டார் வாங்கியிருப்பார், கடன் வாங்கியிருப்பார், பயிர் வைத்திருப்பார். அவரிடம் போய் "இது எல்லோருக்கும் பொது" என்றால், வழிப்பறி செய்ய வந்தவரைப் போலத்தான் உங்களைப் பார்ப்பார். யார் கையிலும் ஒன்றும் இல்லாதபோது மட்டுமே பங்கைப் பற்றிப் பேச்சு சுமுகமாக நடக்கும். அந்த நாட்கள் கொஞ்சம்தான். அவற்றைத் தொடக்க விழா ஏற்பாட்டில் தொலைத்துவிடுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு அவசரம் என்று புரியும். 1 மில்லிமீட்டர் மழை 1 ஹெக்டேரில் பெய்தால் 10,000 லிட்டர். 500 ஹெக்டேர் உள்ள ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் மொத்தம் 300 கோடி லிட்டர். இந்த எண்ணைக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் ஆவியாகப் போய்விடும். ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடும். மிச்சம்தான் நிலத்துக்குள் இறங்கும். கடினப்பாறைப் பகுதியாக இருந்தால், இறங்கிய நீர் தங்குவதற்கு உள்ளே இடமும் குறைவு. சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே அது தங்கும். அங்கே 100 கன மீட்டர் நிலத்தடி அடுக்கில் நாம் இறைத்து எடுக்கக்கூடியது பொதுவாக 1 முதல் 3 கன மீட்டர் நீர்தான்.

நடுவாக 2 என்று வைத்துக்கொள்வோம். 1 ஹெக்டேர் பரப்பில் நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினால் கூடியிருக்கும் நீர் 2 லட்சம் லிட்டர். விநாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் ஒரே ஒரு மோட்டார் அவ்வளவு நீரையும் 11 மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிடும். கிணற்றில் நீர் 5 மீட்டர் ஏறியதாக எடுத்த படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் போகிறது. அந்த 5 மீட்டருக்குள் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடினப்பாறையில் மட்டம் வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கும். ஆகவே குழுவின் உழைப்பு நிலைக்குமா என்பது அணை எவ்வளவு உயரம் என்பதைவிட, எத்தனை மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும் என்பதில்தான் இருக்கிறது. அணைக்கு வரைபடம் போடுகிறோம். மோட்டாருக்கு?

பங்கை முன்கூட்டியே பேசியவர்கள் இல்லாமல் இல்லை. ஹரியானாவில் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. சண்டிகர் நகரத்துக்காக 1958இல் உருவாக்கிய சுக்னா ஏரி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வண்டல் சேர்ந்து தூர்ந்துகொண்டே வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடி, மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ராவும் அவருடன் இருந்தவர்களும் மேலே ஏறிப் போனார்கள். புல்லே இல்லாத குன்றுகள், அவற்றை நம்பி ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்கள். "மேய்க்காதே" என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். அந்தக் குடும்பங்கள் எதைத் தின்று வாழும்?

1970களின் பிற்பகுதியில் அங்கே சிறிய மண் அணைகள் கட்டினார்கள். மழைநீர் தேங்கியது, வயலுக்குப் போனது. இந்த இடத்தில்தான் நம் ஊர்க் குழுக்களில் பெரும்பாலானவை கதையை முடித்திருக்கும். ஆனால் வயல் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் தண்ணீர் கிடைத்தால், வயல் இல்லாதவர்கள் எதற்காக மேய்ச்சலை விடவேண்டும்? அந்தக் கேள்வி அங்கே எழுந்தது, அதற்குப் பதிலும் சொன்னார்கள். அணை நீரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சம பங்கு. நிலம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நிலம் இல்லாதவர் தன் பங்கை நிலம் உள்ளவருக்கு விற்றுக்கொள்ளலாம். இதற்குப் பிறகு குன்றைச் சுற்றி முள்வேலி தேவைப்படவில்லை. ஆடு மேலே ஏறாமல் மக்களே பார்த்துக்கொண்டார்கள். சமூக வேலி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புல் திரும்பி வந்தது. குன்றில் வளர்ந்த பாபர் புல்லைக் காகித ஆலைகள் வாங்கிக்கொண்டன. கீழே ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

ஒரு நகரத்தின் ஏரியைக் காப்பாற்றுவதற்கு, மேலே இருந்த நிலமில்லாத வீட்டுக்குத் தண்ணீர்ப் பங்கு எழுதித் தரவேண்டியிருந்தது. பொறியியல் பாடத்தில் இதைத் தேடினால் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், மழைநீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவதற்காகக் குன்றுச் சரிவில் ஒரே மட்டத்தில் சமமட்டக் குழி வெட்டும் வேலை நடந்தது. தீர்மானம் வாசிக்கும் நேரத்தில், பின்னால் நின்ற ஒரு அம்மா, "தம்பி, வெட்டுறது நாங்க. ஊறுறது யாரு கிணத்துல?" என்று கேட்டார். தலைவர் வயதில் இளையவர், நல்லவர், உழைப்பாளி. கேள்வி காதில் விழாத மாதிரி அடுத்த தீர்மானத்தை வாசித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவரிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மா மறுபடி கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் குழி வெட்ட அவர் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்பதும், "ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று குழுவில் அலுத்துக்கொண்டார்கள் என்பதும் நடந்த விஷயங்கள். ஆர்வம் இல்லாமல் போகவில்லை. கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

குன்றை அடைப்பதிலும் இதே கதைதான். புல்லும் மரமும் பிழைக்கச் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுப்பவர் ஆடு வைத்திருப்பவர். பலன் வருவது கீழே கிணறு வைத்திருப்பவருக்கு. முழுக் குன்றையும் ஒரே நாளில் அடைக்காமல் பகுதி பகுதியாக அடைக்கலாம். அடைத்த இடத்துப் புல்லை அறுத்துக்கொண்டு போக ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு முதல் உரிமை தரலாம். எதைச் செய்தாலும், அவர்களைக் கூட்டத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். மேய்ப்பவர்கள் மாலைக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பட்டியில் இருப்பார்கள். நேரத்தை மாற்றினால் தீர்ந்தது.

மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்துக்கு வா என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. மேலே தண்ணீர் கொஞ்சமாக, மெதுவாக வரும். ஒரு வரப்பும் கல்வரிசையும் அதை நிறுத்திவிடும். கீழே வந்து சேரும்போது அதற்கு வேகமும் எடையும் மண்சுமையும் கூடிவிடும். மேலே ஒன்றும் செய்யாமல் கீழே அணை கட்டினால், அது முதலில் பிடிப்பது தண்ணீரை இல்லை, வண்டலை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேலை கீழிருந்தே தொடங்குகிறது. ஏன்? கீழே சாலை இருக்கிறது, நிலம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், படம் எடுத்தால் நன்றாக வருகிறது. மேலே இருப்பது மேய்ச்சல் நிலமும் குரலில்லாத சில வீடுகளும். ஆக, எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதிலும் பங்குதான் ஒளிந்திருக்கிறது.

மேலே தொடங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. அங்கே சரிவில் ஒரே மட்டத்தில் கோடு குறிக்கத் தேவைப்படும் கருவி எல்லோர் கையிலும் நிற்கும். ஆளுயரக் கம்பு இரண்டை மேல்நுனியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே ஒரு குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கல். முதலில் ஓர் இடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறிக்கவேண்டும். இரண்டு குறிக்கும் நட்டநடுவில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, மற்ற காலைச் சரிவில் மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுவுக்கு வந்ததும் அங்கே ஒரு முளை அடித்து, அப்படியே நடந்துகொண்டே போகலாம். திரும்பிப் பார்த்தால் முளைகள் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். கண்ணால் பார்த்து மட்டம் என்று நினைத்த கோடு எவ்வளவு சாய்வு என்று அப்போது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பள்ளிப் பிள்ளையும் பொறியாளரும் சமமாக நிற்கும் இடம் அதுதான். தங்கள் கையால் முளை அடித்தவர்கள் பிறகு அந்த வரப்பை உழுது தள்ளமாட்டார்கள். உழவந்தவரிடமும் கேட்பார்கள்.

தடுப்பணையின் தொழில்நுட்பத்துக்குள் நான் அதிகம் போகவில்லை. ஒன்று மட்டும். பாதியில் போன அணைகளைப் போய்ப் பாருங்கள். நடுவில் உடைந்தவை குறைவு. தண்ணீர் ஓரமாகக் கரையை அரித்துச் சுற்றிக்கொண்டு போயிருக்கும், சுவர் மட்டும் ஓடையின் நடுவில் சும்மா நிற்கும். இறக்கையை, அதாவது அணைச் சுவரின் இரு ஓரங்களை, கரைக்குள் போதுமான தூரம் நுழைக்காததால் வந்தது. இல்லையென்றால் அணையைத் தாண்டி விழும் நீர் அடியில் பள்ளம் பறித்திருக்கும். முதல் பெருமழைக்குப் பிறகு யாராவது போய்ப் பார்த்து நாலு கல்லைப் போட்டிருந்தால் நின்றிருக்கும். அந்த யாராவது யார் என்று எழுதிவைக்கவில்லை. அணையால் யாருக்குப் பங்கு என்று முடிவாகாத இடத்தில், அணையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்பதும் முடிவாகாது. இரண்டும் ஒன்றுதான்.

மேலே ஏறிப்போவதைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் மட்டோல் ஆறு நினைவுக்கு வருகிறது. கலிஃபோர்னியாவின் வடக்கில் ஓடும் அந்த ஆற்றில் சால்மன் மீன் அருகிவந்ததைப் பார்த்து, 1980 வாக்கில் அங்கே குடியிருப்பவர்களே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். மீன் முட்டைகளைப் பெட்டியில் வைத்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். ஆனால் மரம் வெட்டிய சரிவுகளிலிருந்தும் மரம் ஏற்றப் போட்ட மண்சாலைகளிலிருந்தும் வண்டல் இறங்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளை மூடிக்கொண்டிருந்தது. மீனைப் பார்த்துத் தொடங்கியவர்கள் முழு நீர்ப்பிடிப்பையும் பார்க்கவேண்டியதாயிற்று. 1983இல் அதற்கென்றே ஒரு மன்றம் அமைத்தார்கள். நிலத்தில் மரம் வெட்டிப் பிழைப்பவர், மாடு வளர்ப்பவர், காட்டைத் தொடக்கூடாது என்பவர் எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது மீன் குஞ்சு விடுவதைவிட எத்தனை மடங்கு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நம் எல்லை எங்கே முடிகிறது என்பதும் பங்கில் சேர்த்திதான். ஆற்றில் கடலுக்குப் போக ஒரு சொட்டும் மிச்சமில்லாத பகுதிகள் பல இருக்கின்றன. அங்கே நாம் மேலே பிடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் கீழே யாரோ ஒருவர் எதிர்பார்த்திருந்த லிட்டர். "ஓடி வீணாகும் நீர்" என்று நாம் கூட்டங்களில் சொல்வது பல சமயம் அடுத்தவருடைய நீர். இதனால் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நிலத்தடிக்குப் போய் மெதுவாக ஓடைக்குத் திரும்பும் நீர் கீழே உள்ளவர்களுக்கும் நல்லதுதான், வெள்ளத்தின் வேகமும் குறையும். ஆனால் பிடித்ததை எல்லாம் மேலேயே இறைத்துவிட்டால் அது திரும்பாது. கீழே உள்ள ஊர்க்காரர்களிடம் இதைப் பேசிய குழு எத்தனை?

எதிர்த் திசையிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். நியூயார்க் நகரம் தன் குடிநீரில் 90 சதவீதத்துக்கும் மேலாக, தொலைவிலுள்ள கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புகளிலிருந்து வடிகட்டும் ஆலை இல்லாமலே எடுக்கிறது. அந்த நீர் சுத்தமாக வரவேண்டும் என்றால் மேலே உள்ள பண்ணைகளும் சிற்றூர்களும் ஒத்துழைக்கவேண்டும். 1997இல் போட்ட ஒப்பந்தப்படி நகரம் அதற்குப் பணம் கொடுக்கிறது. பண்ணைகளில் கழிவைக் கட்டுப்படுத்தவும் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்யவும் அந்தப் பணம் போகிறது. கீழே இருப்பவர் பெரிய மனது வைத்துக் கொடுத்த தானம் இல்லை அது. மிகப்பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட அது மலிவு. மேலே இருப்பவர்கள் பேரம் பேசியதால் கிடைத்தது.

சரி, பங்கைப் பேசவேண்டும் என்றால் கையில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். அளவு இல்லாத இடத்தில் குரல் பெரியவர் ஜெயிப்பார். பழைய ஆந்திரப் பிரதேசத்தில், வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு 2000களில் நடந்த ஒரு திட்டத்தில் விவசாயிகளே மழைமானி வைத்து அளந்தார்கள், குறித்த கிணறுகளில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதிந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து, இவ்வளவு இறங்கியிருக்கிறது, நினைத்த பயிரை எல்லாரும் வைத்தால் இவ்வளவு வேண்டும், துண்டு விழுவது இவ்வளவு என்று சுவரில் எழுதினார்கள். எந்தப் பயிர் வைக்கவேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு பலர் தாங்களாகவே தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும் ஊர். 1989இல் பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானதிலிருந்து அங்கே நடந்த குன்றுச் சீரமைப்பைப் பார்க்க உலகமே வருகிறது. வருகிறவர்கள் குழிகளையும் மரங்களையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படம் எடுக்க முடியாத ஒன்று அங்கே இருக்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்ற கட்டுப்பாடு. ஒவ்வோர் ஆண்டும் நீர்க்கணக்கு எடுத்து, முதலில் குடிநீர், பிறகு கால்நடை, மீதியை வைத்துத்தான் பயிர் என்ற ஏற்பாடு. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மரத்தையும் குழியையும் மட்டும் நகல் எடுத்தால், மேலே போட்ட 11 மணி நேரக் கணக்குதான் மிஞ்சும்.

உங்கள் குழு இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் செய்யவேண்டாம். நீர்ப்பிடிப்பின் மேல், நடு, கீழ் என்று சில கிணறுகள், கனம் கட்டிய ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு. மோட்டார் ஓடி நின்ற உடனே அளக்கக்கூடாது, காலையில் இறைக்கும் முன் அளக்கவேண்டும். அளப்பதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்திலிருந்து, கிணற்று விளிம்பில் வண்ணம் பூசிய ஒரே புள்ளியிலிருந்து, நாடாவை இறக்கவேண்டும். எண்ணைக் கைப்பேசிக் குழுவில் போட்டால் மட்டும் போதாது. எல்லோரும் கடந்துபோகும் ஒரு சுவரில் எழுதுங்கள். வாட்ஸாப்பில் இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டே.

அடுத்து, விதியை யார் போடுவது. குழுத் தலைமை போட்டுவிட்டு ஊருக்கு அறிவித்தால் அது ஒரு பருவம்கூட நிற்காது. பொதுவளங்களை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு நிலத்தடி நீர்ப்படுகையைத்தான். அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வரத் தொடங்கிய படுகை அது. இறைப்பவர்களே கூடி, யார் எவ்வளவு குறைப்பது என்று பேசி முடித்ததை அங்கே பார்த்தார். பின்னாளில் பல நாடுகளில் அவர் கண்டதும் அதையொட்டியதுதான்: விதிக்குக் கட்டுப்படுகிறவர்கள் அந்த விதியைப் போடுவதிலும் மாற்றுவதிலும் இருக்கவேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்கவேண்டும், மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடவேண்டும். முதல் தடவையே மோட்டாரைப் பிடுங்கும் விதி யாருக்கும் உதவாது. அதை யாரும் அமல்படுத்தமாட்டார்கள்.

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் அர்வரி ஆறு திரும்ப ஓடத் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். தருண் பாரத் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பும் ஊர்மக்களும் சேர்ந்து 1980களின் நடுவிலிருந்து, மழைநீரை மண்கரையால் தேக்கும் ஜோகத் குட்டைகளை நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். ஆறு ஓடத் தொடங்கியதும் அதில் மீனும் வந்தது. உடனே மீன் பிடிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது! ஊர்கள் எதிர்த்தன. ஆற்றை உண்டாக்கியவர்களுக்கு ஆற்றின் மேல் என்ன உரிமை என்ற கேள்வி தலைக்கு மேல் வந்து நின்ற பிறகுதான், 1999இல், சுமார் 70 ஊர்கள் சேர்ந்து அர்வரி நாடாளுமன்றம் என்ற அமைப்பை உருவாக்கி, நீரை மிகுதியாகக் குடிக்கும் பயிர், ஆற்றிலிருந்து நேரடியாக இறைப்பது, மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் விதி போட்டன. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஊர்களின் ஒப்புதல்தான் அதன் பலம். எனக்கு அந்த முயற்சி மீது பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அந்த விதிகள் ஆறு வந்த பிறகு வந்தவை என்பதையும், எல்லா இடத்திலும் அவ்வளவு ஒற்றுமை தாமதமாக வந்து கைகொடுக்காது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

தலைமை பற்றியும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று பேர் ஓடிக்கொண்டே இருப்பதும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் பல குழுக்களின் நிலை. கணக்கு ஒருவர் தலையில், சாவி ஒருவர் இடுப்பில், அதிகாரிகளின் எண்கள் ஒருவர் கைப்பேசியில். அவர்கள் நேர்மையானவர்கள் என்பதே ஆபத்தை மறைத்துவிடுகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை இருக்கிறது. ஆறு பேர். குடவோலையில் தேர்வு. பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் பெயர் எழுத இடமில்லை. அண்மையில் பதவி வகித்தவரும் உடனே திரும்பி வரமுடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அதே கல்வெட்டில் இன்னொன்றும் தெரிகிறது: வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ளவர்கள் மட்டுமே பெயர் எழுதலாம். பெருமைக்காக அதைக் காட்டும் நாம் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். நம் குழுக்களின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலமில்லாதவர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர், அதில் கையெழுத்துக்கு மட்டும் வருபவர்கள் எத்தனை பேர்?

நிதி பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அது எப்படியோ வரும், வராமலும் போகும். இந்தியாவில் அரசுத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு நினைவூட்டல். 2008இன் பொது வழிகாட்டு நெறிமுறைகள் நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டங்களில் ஆயத்தத்துக்கு மட்டுமே 1 முதல் 2 ஆண்டு ஒதுக்கின. பயனாளிகள் பங்களிப்பைச் சேர்த்துப் பராமரிப்புக்கு ஒரு நிதியும் வைக்கச் சொல்லின. அந்த ஆயத்தக் காலம் எதற்கு? மனுக்களில் கையெழுத்து வாங்கவும் பெயர்ப்பட்டியல் நிரப்பவும் ஒரு மாதம் போதும். மீதி மாதங்கள் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சுக்குத்தான்.

இனி என் வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இதை எழுதுங்கள்: "இந்த வேலையால் கூடும் நீரில் யாருக்கு என்ன பங்கு, குறைந்த ஆண்டில் முதலில் யார் விட்டுக்கொடுப்பது." குன்றில் மேய்ப்பவர்கள், கூலிக்குக் குழி வெட்டுபவர்கள், கீழ் ஊர்க்காரர்கள் இருவர் மூவர் வந்து உட்காராமல் அதைப் பேச்சுக்கு எடுக்காதீர்கள். ஒரே கூட்டத்தில் முடியாது. சத்தம் வரும், சிலர் எழுந்து போவார்கள், அணை வேலை ஒரு பருவம் தள்ளிப்போகலாம். தள்ளிப்போகட்டும். பேசி முடித்ததைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, எல்லோர் முன்னாலும் வாசித்து, கிணற்று மட்டம் எழுதும் அதே சுவரில் எழுதிவையுங்கள். அப்புறம் கம்பையும் கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

இப்படிப் பேசி முடித்த குழு எதுவாவது இருந்தால், என்ன விதி போட்டீர்கள், எது நின்றது, எது நிற்கவில்லை என்று மற்றக் குழுக்களுக்கும் எழுதுங்கள். கட்டிய அணைகளின் பட்டியல் எங்களிடம் ஏற்கனவே நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
குழுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒரு தன்னார்வலர்